பின்சுவருக்கு அப்பால் ஒரு மாவு மில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு மாவு மில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே தூக்குவாளிகளும் டின்களும் வரிசையில் சேரத் தொடங்கும். பச்சரிசி, கோதுமை, மிளகாய், மல்லி என்று இரவு எட்டு மணி வரை பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். தமிழாசிரியையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு, விடியற்காலையில் அரைமணி நேரமும் மாலையில் அரைமணி நேரமும், வாய்விட்டு எதையும் சொல்லாமல், எந்த விண்ணப்பமும் வைக்காமல், ஆண்டவர் முன்னிலையில் வெறுமனே உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன். விடியற்காலை எப்படியோ கழிந்துவிடும். மாலையில்தான் அந்த மில் என் தலைக்குள்ளேயே ஓடுவதுபோல இருக்கும். அறையை மாற்றிப் பார்த்தேன்; சன்னலுக்குத் தடித்த திரை போட்டேன்; காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். பஞ்சு வைத்த நாள்களில் என் நெஞ்சு அடிக்கும் ஓசையே பெரிதாகக் கேட்டது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நான் செபித்தேன் என்பதைவிட, செபிப்பதற்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதே உண்மை.

அந்த நாள்களில்தான் அவிலா நகரத்துத் தெரேசம்மாளின் எழுத்து எனக்கு வாய்த்தது. நம் கத்தோலிக்கப் பங்குகளில் குழந்தை தெரேசம்மாளை அறியாதவர்கள் இல்லை. இவர் அவருக்கு முன்னூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர், பெரிய தெரேசம்மாள், 1515இல் ஸ்பெயின் நாட்டில் பிறந்த கார்மேல் சபைத் துறவி. ஆன்மாவை ஏழு மாளிகைகள் கொண்ட ஒரு கோட்டையாக உருவகித்து அவர் எழுதிய நூலை 1577 ஜூன் 2 அன்று தொடங்கி, அதே ஆண்டு நவம்பர் 29 அன்று முடித்தார். நான்காம் மாளிகையைப் பற்றி எழுதும் இடத்தில், சொல்ல வந்த பொருளை நிறுத்திவிட்டுத் தம் உடல்நிலையைக் குறிப்பிடுகிறார். தலைக்குள் பெருக்கெடுத்த ஆறுகள் பாய்வதுபோலவும், பறவைகள் கூட்டமாகக் கீச்சிடுவதுபோலவும் இடைவிடாத இரைச்சல் இருந்ததாம். அந்த இரைச்சலோடுதான் அவர் அமைதியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அது தம் செபத்தைத் தடுக்கவில்லை என்றும், நினைவுகள் அலைகின்றன என்பதற்காகச் செபத்தைக் கைவிட வேண்டாம் என்றும் கூறிவிட்டு, ஓர் உவமை சொல்கிறார். பழைய காலத்துத் தண்ணீர் ஆலையில், தானியம் சீராகக் கல்லுக்குள் விழுவதற்காக ஒரு மரத்துண்டு ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் துண்டு தட்டினால் தட்டட்டும், நாம் நம் மாவை அரைப்போம் என்கிறார் தெரேசம்மாள்.

அந்த வரியைப் படித்தபோது பின்சுவருக்கு அப்பால் யாருடைய கோதுமையோ அரைபட்டுக்கொண்டிருந்தது. மில்லை நான் செபத்துக்கு எதிரியாகவே ஓராண்டு பார்த்திருந்தேன். வரிசையில் தூக்குவாளியோடு நிற்கும் பெண்களில் ஒருவருக்குக்கூட அந்தச் சத்தம் தொல்லையாகத் தெரிந்ததில்லை. அவர்களுக்கு அது மாவு வரும் சத்தம்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் பங்குகளில் 'தியானத்துக்குப் போய்வந்தேன்' என்றால், இரண்டு நாளோ மூன்று நாளோ தியான இல்லத்தில் தங்கி, அருளுரை கேட்டு, பாட்டுப் பாடி, ஒப்புரவு பெற்று வந்தேன் என்று பொருள். அதனால் எனக்கும் பலமுறை நன்மை கிடைத்திருக்கிறது. ஆனால் ஆழ்நிலைச் செபம் என்று திருச்சபையின் பழைய மரபு சொல்வது வேறு. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ, அதைச் சாப்பாட்டை வைத்து விளக்கினார். இறைவார்த்தையை வாசிப்பது உணவை வாயில் இடுவது. சிந்திப்பது அதை மெல்லுவது. மன்றாடுவது அதன் சுவையைத் தேடிப் பெறுவது. நான்காவதான ஆழ்நிலைச் செபமோ இனிப்பேயாக இருப்பது. முதல் மூன்றிலும் நமக்கு வேலை உண்டு. மென்றவருக்கு வாயில் இனிப்புத் தங்குவது அவருடைய வேலை அல்ல.

நான் தமிழ் கற்பித்தவள் என்பதால், அமைதி என்ற பொருளுக்கு நம் விவிலிய மொழிபெயர்ப்புகள் எந்தச் சொற்களைத் தேர்ந்தன என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. திருப்பாடல் 46இல் வரும் புகழ்பெற்ற வரியை இன்றைய திருவிவிலியம் 'அமைதி கொண்டு' என்று தொடங்குகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அது 'அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்' என்று இருக்கிறது. ஓரேபு மலையில் எலியா கேட்ட இறைக்குரலும் பழைய மொழிபெயர்ப்பில் 'அமர்ந்த மெல்லிய சத்தம்'. திருப்பாடல் 131இல் தன் ஆத்துமாவைப் பால் மறந்த குழந்தையைப்போல 'அடக்கி அமரப்பண்ணினேன்' என்கிறார் பாடகர். அமர்தல் என்பதற்கு உட்காருதல் என்றும் தணிதல் என்றும் பொருள் உண்டு. குறளில் 'அகன்அமர்ந்து' என்று வரும்போது மனம் விரும்புதல் என்றும் ஆகிறது. உட்கார்வதும் தணிவதும் விரும்புவதும் ஒரே வினைக்குள் இருக்கும் மொழியில் பிறந்தவர்கள் நாம். 'அமர்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் போர் என்ற பொருளும் இருக்கிறது என்பதை இதே மூச்சில் சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் அந்த 46ஆம் திருப்பாடல் ஒரு போர்க்களத்தின் நடுவே நின்றுதான் பேசுகிறது. அமர்ந்திருங்கள் என்ற சொல்லுக்கு முந்தைய வரியில் வில் ஒடிகிறது, ஈட்டி முறிகிறது, தேர்கள் எரிகின்றன. எபிரேய மூலத்தில் அங்கே இருக்கும் வினைக்குத் தளரவிடு, விட்டுவிட்டு ஓய்ந்திரு என்று பொருள். இறுகப் பிடித்திருக்கும் கையைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொல் அது.

அந்தத் திருப்பாடலின் தொடக்கம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதான வாசிப்பு அல்ல. நிலம் நிலைகுலைந்தாலும், மலைகள் கடலின் நடுவில் சாய்ந்தாலும், கடல் கொந்தளித்துப் பொங்கினாலும் அஞ்சோம் என்று அது பாடுகிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். தேவனாம்பட்டினத்துப் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவருவதைப் பார்த்தபோதும் என்ன நடந்தது என்று புரியவில்லை. நான் பாடம் நடத்திய பிள்ளைகளின் வீடுகள் அங்கே இருந்தன. அதன் பிறகு சில ஆண்டுகள் எந்த வழிபாட்டில் அந்தத் திருப்பாடல் வந்தாலும் என்னால் பதிலுரையைச் சொல்ல முடிந்ததில்லை. கடலைப் பார்த்து 'இரையாதே' என்று இயேசு அதட்டிய நற்செய்திப் பகுதி வாசிக்கப்படும்போது, அன்றைக்கு ஏன் அதட்டவில்லை என்ற கேள்வி எழும். இன்றும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே அவர் முன்னால் உட்காரலாம் என்பதை மட்டும் பின்னாளில் கற்றுக்கொண்டேன்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக மடங்கிக் கிடந்தன. எங்கள் தெருவுக்குப் பல நாள் மின்சாரம் இல்லை. தொலைக்காட்சி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, மோட்டார் இல்லை, மில்லும் இல்லை. நான் பின்னால் பஞ்சும் திரையும் வைத்துத் தேடிய சத்தமின்மை முழுவதும் அந்த நாள்களில் கேளாமலே கிடைத்தது. ஆனால் என் மனம் அப்போது அமர்ந்திருக்கவில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும், ஓடு போன கூரைக்கு யாரைக் கூப்பிடுவது, சாய்ந்த பலாமரங்களுக்குத் தாத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அது ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் நின்றால் அமைதி வரும் என்ற கணக்கு தப்பு என்பதை அந்த வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான்தான் பல ஆண்டுகள் கழித்துக் கற்றுக்கொண்டேன்.

தெரேசம்மாளிடம் எனக்கு மிகவும் நெருக்கமானது அவர் தண்ணீரைப் பற்றிச் சொல்வது. 1565 வாக்கில் முடித்த தன்வரலாற்றில், செபிக்கத் தொடங்குகிறவரை ஒரு தோட்டக்காரராக அவர் பார்க்கிறார். தோட்டம் ஆண்டவருடையது, அவர் வந்து உலாவி மகிழ வேண்டும் என்பதற்காகத் தோட்டக்காரர் செடிகளுக்கு நீர் விட வேண்டும். நீர் விடுவதற்கு நான்கு வழிகள். கிணற்றிலிருந்து கையால் இறைத்து ஊற்றுவது முதல் வழி. வாளிகள் கட்டிய சக்கரத்தைச் சுற்றி இறைப்பது இரண்டாவது. ஆறோ ஓடையோ பாய்வது மூன்றாவது. மழை பெய்வது நான்காவது. என் தாய்வழித் தாத்தாவுக்கு விருத்தாசலத்துப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. மல்லாட்டையும் கத்தரியும் போடுவார். கவலை இறைத்த காலத்தை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். தெற்கே அதைக் கமலை என்பார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது தோற்சால் நிறைந்து மேலே வரும், வாய்க்காலில் கொட்டும், மாடுகள் பின்னால் ஏறும்போது சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். தாத்தா மாடுகளோடு அத்தனை முறையும் நடப்பார். அதனால் தெரேசம்மாளின் சக்கரத்தை நான் கவலையாகவே படித்தேன். மனக்கவலைக்கும் நீர் இறைக்கும் கவலைக்கும் எங்கள் பக்கத்தில் ஒரே சொல் இருப்பதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் செபத்திலும் அந்த இரண்டும் ஒரே கயிற்றில் ஏறி இறங்கின.

முதல் வழியைப் பற்றி அவர் சொல்வதில் ஒரு பெரிய இரக்கம் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கும் என்பதே நம் கையில் இல்லை என்கிறார். வாளியை விட்டுப் பார்த்தால் சில நாள் வெறும் வாளி வரும். அப்போதும் நல்ல தோட்டக்காரர் வாளியை இறக்கியதே போதும்; தண்ணீர் இல்லாமலே செடிகளைக் காக்க ஆண்டவருக்குத் தெரியும். இதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. சில ஆண்டுகள், செபத்துக்கு ஒதுக்கிய ஒரு மணி நேரம் எப்போது முடியும் என்று கடிகார ஒலிக்காகவே காத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். கையில் ஒரு நூல் இல்லாமல் செபிக்க உட்கார அவர் பல ஆண்டுகள் அஞ்சினார். திருச்சபையின் மறைவல்லுநர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தந்த ஆறுதலை எந்தப் பேரின்பக் காட்சியின் விவரிப்பும் தரவில்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கோட்டையைப் பற்றிய நூலில், அவர் மறுபடியும் தண்ணீருக்கே வருகிறார். இம்முறை இரண்டு தொட்டிகள். ஒன்றுக்குத் தொலைவிலிருந்து குழாய்களும் கால்வாய்களும் அமைத்து, உழைப்போடும் ஓசையோடும் நீர் கொண்டுவருகிறார்கள். மற்றொன்று ஊற்றின் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. அது எந்த ஓசையும் இல்லாமல் நிறைந்து, தானே வழிகிறது. முதல் தொட்டிக்கு வருவது நம் சிந்தனையாலும் முயற்சியாலும் நாம் அடையும் மகிழ்ச்சி. இரண்டாவதில் நிறைவதை ஸ்பானிய மொழியில் அவர் சுவை என்ற பொருள்தரும் சொல்லால் குறிக்கிறார். அமைதிச் செபம் என்று அவர் பெயரிடுவது இந்த இரண்டாவது தொட்டியை.

இதைப் படிக்கும்போது எங்கள் மாவட்டத்து நிலத்தடியைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். மேற்கே உயரமான நிலத்தில் பெய்யும் மழை மணற்பாறை அடுக்குகளுக்குள் இறங்கி, களிமண் அடுக்குகளுக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்குகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் அந்த நீர் மேல்நோக்கி அழுத்துவதால், சுரங்கத்தின் அடித்தளம் உடைந்துவிடாதபடி அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதிகளில் முன்பெல்லாம் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழியும். ஆர்ட்டீசியன் கிணறு என்று பாடநூல்களில் படிப்போமே, அதுதான். தாத்தா ஊருக்கு அடுத்த ஊரில் அப்படி ஒரு குழாய் இருந்தது. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் அதன் கீழே தலையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் நான், இத்தனை தண்ணீரையும் யார் இறைக்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இறைக்கலம்மா. தோண்டி விட்டதோட நம்ம வேலை முடிஞ்சுது," என்றார் தாத்தா.

ஆழ்நிலைச் செபத்தைப் பற்றி நான் படித்தவற்றில் எதையும் அந்தப் பதிலுக்கு மேலாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. தோண்டுவது நம் வேலைதான். அதில் சோம்பல் கூடாது. வாசிக்க வேண்டும், மெல்ல வேண்டும், நேரம் ஒதுக்க வேண்டும், உட்கார வேண்டும். ஆனால் பொங்குவதை நாம் செய்வதாக நினைத்தால், பொங்காத நாளில் நம்மை நாமே குற்றவாளியாக்கிக்கொள்வோம்; பொங்கிய நாளில் அதைவிடப் பெரிய தவறு நேரும்.

உட்கார்ந்தபின் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. பழைய மரபு மிகச் சுருக்கமான பதிலையே வைத்திருக்கிறது. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த யோவான் கசியான், எகிப்தியப் பாலைவனத்தில் ஈசாக் என்ற துறவியிடம் கேட்டதாக எழுதிவைத்தது ஒரே ஒரு திருப்பாடல் வரி. இறைவா எனக்குத் துணைசெய்ய விரைந்து வாரும் என்று பொருள்படும் 70ஆம் திருப்பாடலின் முதல் வரி. உண்ணும்போதும், உறக்கம் வராதபோதும், கோபம் வரும்போதும், மனம் மகிழும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருக்கச் சொன்னாராம். திருச்சபையின் அன்றாட வேளைச் செபமான திருப்புகழ்மாலை இன்றும் அந்த வரியோடுதான் தொடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெயர் தெரியாத ஒருவர் எழுதிய 'அறியாமையின் மேகம்' என்ற நூல் இன்னும் குறுக்கி, ஓரசைச் சொல் ஒன்று போதும் என்கிறது. அந்தச் சொல்லைப் பிரித்துப் பொருள் ஆராய மனம் முற்படும்போது, அதை முழுதாகவே வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

நான் எடுத்துக்கொண்ட சொல் 'அப்பா'. கெத்சமனியில் இயேசு தந்தையை அழைத்த அரமேயச் சொல், நாம் வீட்டில் அழைக்கும் அதே ஒலியில் இருப்பது தமிழர்களுக்குக் கிடைத்த ஒரு கொடை என்று நினைத்தேன். முதல் சில மாதங்கள் அது எனக்குக் கடினமாகவே இருந்தது. 'அப்பா' என்றதும் என் அப்பாதான் வந்தார். கெடிலக் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். கடைசி நாள்களில் கட்டிலில் படுத்தபடி வாசலைப் பார்த்திருந்த முகம் வரும். அவரிடம் நான் கடுமையாகப் பேசிய ஒரு மாலை வரும். செபம் செய்கிறேனா, அழுதுகொண்டிருக்கிறேனா என்று தெரியாது. சொல்லை மாற்றிவிடலாமா என்று நினைத்தேன்.

புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் துய்மா வீதியில் இருக்கும் தூதர்களின் அன்னை ஆலயத்தில் சிறிது நேரம் உட்காருவது என் வழக்கம். கப்புச்சின் துறவிகளின் நினைவாக ஊரார் அதைக் கப்ஸ் கோவில் என்கிறார்கள். 1855இல் கட்டி முடித்த கோவில். கடலுக்கு மிக அருகில் இருப்பதால், தெருவில் வண்டி இல்லாத நேரத்தில் அலையின் ஓசை உள்ளே வரும். அங்கே எனக்குப் பழக்கமான மூத்த பெண்துறவி ஒருவரிடம் இந்தச் சங்கடத்தைச் சொன்னேன்.

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கார். பேசிக்கிட்டு இருக்கும்போது உங்கப்பாவும் உள்ளே வந்து உட்கார்றார். என்ன செய்வீங்க, டீச்சர்?"

"ரெண்டு பேருக்கும் காப்பி கொடுப்பேன், மதர்."

"அப்புறம் என்ன?"

சொல்லை நான் மாற்றவில்லை. அப்பா வருகிறார், உட்கார்கிறார், சில நாள் சீக்கிரம் போய்விடுகிறார், சில நாள் அரைமணி நேரமும் இருக்கிறார். அவரை ஆராய்வதில்லை, விரட்டுவதும் இல்லை. அந்தக் கடுமையான மாலையைக் குறித்து என் மனம் பேசுவது இப்போது குறைந்திருக்கிறது. நான் அதற்காக எதுவும் செய்ததாகச் சொல்ல முடியாது.

நடுப்பகலைப் பற்றி ஒரு வார்த்தை. 399இல் இறந்த எவாகிரியுஸ் என்ற பாலைவனத் துறவி, பகல் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை துறவியைப் பிடிக்கும் ஒரு சலிப்பைத் துல்லியமாக வரைந்திருக்கிறார்: கதிரவன் நகரவே இல்லை என்று தோன்றுமாம், பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல் இருக்குமாம், யாராவது வருகிறார்களா என்று சன்னலைப் பார்க்க வைக்குமாம், இந்த இடமே சரியில்லை, வேறெங்காவது போனால் நன்றாகச் செபிக்கலாம் என்று சொல்லுமாம். கடலூரின் சித்திரை மாதத்து நண்பகலை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அறையை மாற்றியது, திரை போட்டது எல்லாம் எந்தச் சோதனையின் வேலை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சலிப்பு வேறு, இருள் வேறு. இதைக் கலந்துவிடக்கூடாது என்று சிலுவை அருளப்பர் மிகக் கவனமாக எழுதியிருக்கிறார். தெரேசம்மாள் தம் நூலை முடித்த சில நாள்களிலேயே, 1577 டிசம்பரில், அவருடைய சீர்திருத்தப் பணியில் துணைநின்ற அருளப்பரை அவருடைய சபையைச் சேர்ந்தவர்களே பிடித்துக்கொண்டுபோய்த் தொலேதோ நகரத்தில் ஒரு சிற்றறையில் அடைத்தார்கள். 1578 ஆகஸ்டில் அவர் தப்பினார். ஏறத்தாழ ஒன்பது மாதம் வெளிச்சம் அரிதாகவே எட்டிப்பார்த்த அந்த அறையில்தான் அவருடைய கவிதைகளில் பல பிறந்தன. ஓசையற்ற இசை, ஒலிக்கும் தனிமை என்று இறைவனை அவர் அழைப்பது அந்த அனுபவத்தின் ஊடாக வந்த ஒருவரின் மொழி. சிந்தித்துச் செபிக்கும் முறையை விட்டு ஆழ்நிலைச் செபத்துக்குள் கடக்கும் நேரம் வந்துவிட்டதா என்று அறிய மூன்று அடையாளங்களை அவர் தருகிறார். முன்போலச் சிந்தித்துச் செபிக்க முடியாமல் வறண்டு போகும். வேறு எந்தப் பொருளிலும் மனம் போய்ப் பற்றிக்கொள்ள விரும்பாது. எந்தக் குறிப்பான எண்ணமும் இல்லாமல், அன்புள்ள கவனத்தோடு இறைவனிடம் தனித்திருப்பதில் மட்டும் விருப்பம் இருக்கும். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார். மூன்றாவது இல்லாமல் முதலிரண்டு மட்டும் இருந்தால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம் என்பதை அந்தக் காலத்திலேயே அவர் அறிந்திருந்தார். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு இப்படிப்பட்ட சோர்வு வந்தபோது, இது அருளப்பர் எழுதிய 'ஆன்மாவின் இருண்ட இரவு', தாங்கிக்கொள்ளுங்கள் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அவருக்கு மருத்துவர் தேவைப்பட்டார். மருந்து எடுத்துக்கொண்ட பிறகு அவருக்குச் செபமும் திரும்பியது. பெரிய சொற்களை அடுத்தவர் துன்பத்தின் மேல் அவசரமாகப் போர்த்த வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது நம்முடைய வழக்கம்தானா என்று என் உறவினர்களே கேட்டிருக்கிறார்கள். செபமாலையை விட்டுவிட்டாயா என்றும் கேட்டார்கள். விடவில்லை, செபமாலையின் மணிகளை உருட்டும் என் ஆயாவின் விரல்கள்தான் எனக்கு முதலில் அமைதியைக் காட்டின, கடைசிப் பத்து மணிகளில் அவர் உதடு அசைவது நின்றுவிடும். பாலைவனத் துறவிகளின் காலத்திலிருந்து திருச்சபைக்குள் இந்த வழக்கம் இருந்துவருகிறது. தாயுமானவரும் அருணகிரிநாதரும் பாடிய 'சும்மா இருத்தல்' நம் மண்ணின் செல்வம். அதைக் கேட்டு வளர்ந்த காதோடுதான் நானும் பழைய மொழிபெயர்ப்பின் 'அமர்ந்திருந்து' என்பதைக் கேட்கிறேன். இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட எனக்குத் தகுதி இல்லை, விருப்பமும் இல்லை. தெரேசம்மாளுக்குச் செபம் என்பது, நம்மை அன்பு செய்கிறார் என்று நாம் அறிந்த ஒருவரோடு அடிக்கடி தனித்திருந்து நட்புப் பாராட்டுவது. எதிரே ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவரை மறந்து, வெறும் செயலின்மையையே இலக்காக்கும் போக்கு திருச்சபைக்குள்ளும் தலைகாட்டியது உண்டு. அப்படிக் கற்பித்த ஸ்பானியக் குரு மிகேல் தெ மொலினோஸின் கருத்துகளை 1687இல் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட் கண்டித்தார். உட்கார்ந்திருந்து எழுந்தபின் வாசலுக்கு வருகிறவரிடம் முகம் கொடுக்கிறோமா என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும் என்றுதான் தெரேசம்மாளும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

அவருடைய திருநாள் அக்டோபர் 15. அவர் 1582 அக்டோபர் 4 இரவு இறந்தார். நாள்காட்டி திருத்தப்பட்டதால் மறுநாளே 15ஆம் தேதி ஆகிவிட்டது. எங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கத் தொடங்கும் நாள்கள் அவை. இந்த ஆண்டு அந்தத் திருநாள் மாலையில் நான் உட்கார்ந்தபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டு நிமிடம் போயிருக்கும், மின்சாரம் நின்றது. பெல்ட் மெல்ல இளகி ஓய்ந்தது, மின்விசிறி நின்றது, தெரு முழுவதும் அடங்கியது. தெரேசம்மாள் தம் நாளில் எனக்கு அளித்த பரிசு என்றே நினைத்தேன். அந்த நிசப்தத்தில் இரண்டு நிமிடத்துக்குள், மகளுக்கு அனுப்ப வேண்டிய பார்சல், எரிவாயு உருளைப் பதிவு, அப்பாவின் நினைவுத் திருப்பலிக்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டிய தேதி என்று ஒவ்வொன்றாக எழுந்து வரிசையில் நின்றன, மில் வாசலில் தூக்குவாளிகள் நிற்பதைப்போல. நான் மில்லின் ஓசைக்காகக் காத்திருக்கிறேன் என்பது சற்று நேரம் கழித்தே எனக்குப் புரிந்தது.

மின்சாரம் வந்தது. மோட்டார் ஒரு முறை உறுமி, பெல்ட் பற்றிக்கொண்டு, சுவர் லேசாக அதிரத் தொடங்கியது. யாரோ மல்லி அரைக்கக் கொடுத்திருந்தார்கள். அதன் மணம் சன்னல் வழியே உள்ளே வந்தது. அப்பா, என்றேன். இன்னும் பதினோரு நிமிடம் மீதமிருந்தது.